வாய்ச்செடி மொட்டு விட்டது

காசிமேடு, ராயபுரம்
4-3-1953

வெள்ளத்துரை அண்ணனுக்கு, கப்பல் கலாசி ஜெயவேல் பெண்சாதி குணசுந்தரி எழுதுவது.

நீங்கள் கப்பல் வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் கடை போட்டிருப்பதாகக் கல்மண்டபத்து மளிகைக் கடை சண்முகவேல் சொல்லித்தான் விலாசம் கிடைத்தது. உங்கள் ஊர்க்காரர் என்பதால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிவிக்க உங்களுக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய பெட்டியைக் கொண்டுவந்தீர்கள். தெருமுனையிலேயே என் அண்ணன் மாரியப்பன் கையில் கொடுத்துவிட்டு, என் வாசலை மிதிக்காமல் திரும்பிப் போனீர்கள். உள்ளே நான் உங்களுக்காக அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதை முதலில் எழுதினால்தான் மற்றது எழுத வரும், எழுதிவிட்டேன்.

விஷயம் இதுதான். வாய்ச்செடி தண்டு விட்டிருக்கிறது.

அமெரிக்காவில் வில்மிங்டன் துறைமுகத்திலிருந்து பிஸ்கட் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தாரே, ஈயைப் பிடித்துத் தின்கிற செடி, அதேதான். மூன்று வருஷமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் கருகுகிறது. மழைத் தண்ணீரைப் பானையில் பிடித்து வைக்கிறேன். அது தீர்ந்தால், பக்கத்து வீட்டு அஜீசுன்னிசா புருஷன் பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பிலிருந்து பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரைப் புட்டியில் கொண்டுவந்து தருகிறார். "இன்னா குணா, மன்சனுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, உன் செடிக்கு ரயில்வே தண்ணி கேக்குது" என்று அவள் சிரிப்பாள். மார்கழியில் இங்கே குளிர் போதாது என்று ஐஸ் கம்பெனியில் உடைந்த கட்டி வாங்கிவந்து சட்டியைச் சுற்றி வைப்பேன். ஈக்கு மட்டும் குறைவில்லை. கருவாடு காயும் இடத்தில் ஈக்குப் பஞ்சமா? முதல் வருஷம் ஆசையாகச் உலர்ந்த சென்னாக்குன்னி இறால் ஒன்றை அதன் வாயில் வைத்தேன். உப்பு ஏறி அந்த இலையே கறுத்துவிட்டது. அதற்குப் பிறகு வைக்கவில்லை.

இப்போது நடுவிலிருந்து ஒரு தண்டு ஒரு விரல் உயரத்துக்கு எழும்பியிருக்கிறது. மிஷன் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் பாடம் எடுக்கிற ஞானசெல்வி டீச்சரைக் கூட்டிவந்து காட்டினேன். அது பூத்தண்டு என்றார். செடி பலவீனமாக இருக்கிறது, பூக்க விட்டால் இருக்கிற சத்தையெல்லாம் அதில் கொட்டிவிட்டுச் செத்தாலும் செத்துவிடும், கிள்ளிவிடு என்றார்.

கிள்ளுவது எனக்குச் சுலபமில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். 1950 ஆகஸ்டில் வந்த கடிதத்தில், "இந்தச் செடி பூக்கும் நாளில் நான் உன் வாசலில் வந்து நிற்பேன்" என்று இருக்கிறது. அவருக்கு எழுத்துத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதியது. அந்த டிசம்பரில் அவர் காணாமல் போனார். கரை இறங்கியவன் திரும்பவில்லை, ஓடிப்போனான் என்று கம்பெனி எழுதிவிட்டது. செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. உடம்பும் இல்லை, சேதியும் இல்லை.

போன தையில் அண்ணன் குப்பத்துப் பெரியவர்களைக் கூட்டிவைத்து, "இன்னும் இன்னாத்துக்கு இவ இப்டியே குந்திக்கினு கீறா? கருமாதிய முடிச்சிட்டா அவனுக்கும் ஒரு வயி, இவளுக்கும் ஒரு வயி" என்றான். நான் எல்லார் முன்னாலும் சொன்னேன்: செடி பூக்கட்டும், அன்றைக்கும் அவர் வரவில்லை என்றால் நானே தாலியைக் கழற்றித் தருகிறேன் என்று. அது பூக்கவே பூக்காது என்ற தைரியத்தில் சொன்னது.

கிள்ளினால் செடி பிழைக்கும், நானும் இப்படியே கிடப்பேன். விட்டால் இன்னும் ஒரு மாதத்துக்குள் நான் யார் என்று தெரிந்துவிடும். செடியைக் கொடுத்த ஆள் பூவைப் பற்றி என்ன சொன்னான்? அப்போது அவர் கூட இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். எழுதுங்கள்.

குணசுந்தரி


தூத்துக்குடி
9-3-1953

கிருபையுள்ள சகோதரி குணசுந்தரிக்கு, வெள்ளத்துரை ஸ்தோத்திரத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் கண்டு மனம் கலங்கினேன். அன்று வாசலுக்கு வராதது என் பிழையே. எனக்கு அப்போது காய்ச்சல் கண்டிருந்தது. பெட்டியைச் சேர்த்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செடியைப் பற்றிக் கேட்டீர்கள். ஊருக்கு வெளியே பைன் மரக்காட்டின் ஓரத்தில் ஒரு கறுப்பினத்துக் கிழவன் அதை விற்றுக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்துச் சதுப்பில் மட்டும்தான் அது முளைக்குமாம். உலகத்தில் வேறெங்கும் இல்லையாம். ஒரு குச்சியால் அதன் வாய்க்குள் இருக்கிற மயிரைத் தொட்டுக் காட்டினான். ஒரு தடவை தொட்டால் மூடவில்லை, இரண்டாம் தடவை தொட்டதும் மூடிற்று. ஜெயவேல் சிறுபிள்ளைபோல் கைகொட்டிச் சிரித்தான். பூ வந்தால் கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் செடி களைத்துவிடும் என்று கிழவன் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆகவே கிள்ளிவிடுங்கள். தாமதிக்க வேண்டாம். காலம் என்னும் பெருங்கடலில் ஒரு பூ உதிர்ந்தால் என்ன? செடி நிலைத்திருப்பதே முக்கியம். உங்கள் அண்ணனிடம் நான் வேண்டிக்கொண்டதாகச் சொல்லி இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளத்துரை


காசிமேடு
14-3-1953

வெள்ளத்துரை அண்ணனுக்கு,

தபால்காரர் உங்கள் கடிதத்தை நீட்டியதும் மேல் எழுத்தைப் பார்த்தேன். அதே எழுத்து. "ழ"வுக்குக் கீழே ஒரு சுழி போட்டு நீட்டுவீர்களே, அதே சுழி. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் என் புருஷன் கடிதம் போட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகிற நேரம். சங்கு ஊதியதுகூடக் காதில் விழவில்லை. அன்று பாதி நாள் கூலி போய்விட்டது.

அப்புறம் படித்தேன். பூக்கும் நாளில் வந்து நிற்பேன் என்று எழுதிய அதே கை, இப்போது பூக்கவிடாதே, கிள்ளு என்கிறது. காலம் என்னும் பெருங்கடலாம். நான் கடலோரத்தில் பிறந்தவள். எனக்குக் கடலைக் காட்ட வேண்டாம்.

உங்களுக்குக் காய்ச்சல் இல்லை. அண்ணன் அன்றைக்கே சொன்னான்: "நல்லாத்தான் இருந்தாரு, ஆனா என் மூஞ்சியப் பாக்கல, பொட்டிய குட்த்துட்டுத் திரும்பிப் பாக்காம போய்க்கினே கீறாரு" என்று.

நீங்கள் எழுதியதில் ஒன்று மட்டும் எனக்கு உறைத்தது. இரண்டு தடவை தொட்டால்தான் மூடும் என்கிறீர்கள். எனக்கும் அது தெரியும். லீவில் வந்திருந்தபோது அவர் தினமும் சுண்டுவிரலால் இரண்டு தட்டு தட்டுவார், மூடினதும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். ஆனால் இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். ஆறு மாதமாகக் காலையில் எழுந்து பார்த்தால் ஒரு வாய் மூடியிருக்கிறது. உள்ளே ஈ இல்லை, எறும்பு இல்லை, ஒன்றுமே இல்லை. காற்று ஒரு தடவை தொடலாம். இரண்டாம் தடவை யார் தொடுகிறார்கள்?

அஜீசுன்னிசாவிடம் பூனை வந்ததா என்று கேட்டேன். "பூனையும் இல்ல, கீனையும் இல்ல. நீ ஒயுங்கா துன்றதில்ல, அதான் கண்டதெல்லாம் தோணுது" என்று திட்டினாள். இருக்கலாம். ஆனாலும் தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். மூடியிருந்தால் பயமாக இருக்கிறது. மூடாமல் இருந்தால் அழுகை வருகிறது.

தண்டு ஒரு சாண் வளர்ந்துவிட்டது. நுனியில் நாலு மொட்டு. பூவுக்கு வருகிற வண்டைத் தானே தின்றுவிடக் கூடாது என்று பூவை வாய்க்கு எட்டாத உயரத்தில் தூக்கிப் பிடிக்குமாம், டீச்சர் சொன்னார்.

நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள். அவர் உயிரோடு இருந்து உங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தால் அதைச் சொல்லுங்கள், கிள்ளிவிட்டுக் காத்திருக்கிறேன். இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிற வரைக்கும் தண்டில் கை வைக்க மாட்டேன்.

குணசுந்தரி


தூத்துக்குடி
20-3-1953

சகோதரிக்கு,

மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டு நாலாவது தாளில் எழுதுகிறேன்.

"பூக்கும் நாளில் நான் உன் வாசலில் வந்து நிற்பேன்" என்று ஜெயவேல் சொல்லவில்லை. அது நான் எழுதியது.

எப்படி எழுதினேன் என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை என் சமையல்கட்டு வேலை முடிந்ததும் அவன் என்னிடம் வருவான். ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டு சொல்வான். அவன் பேச்சு எனக்கு ஆரம்பத்தில் புரியவே இல்லை. நான் திருநெல்வேலிப் பக்கத்தான், அவன் காசிமேட்டுக்காரன். கடகடவென்று சொல்லிக்கொண்டே போவான். அதனால் அவன் வாயில் வருகிறதை அப்படியே பென்சிலால் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். அவன் போனபிறகு அதை நல்ல தமிழில் மையால் எழுதித் தபாலில் போடுவேன். படித்துக் காட்டு என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. "உனுக்குத் தெரியாததா" என்பான்.

முதலில் சொற்களை மட்டும் மாற்றினேன். பிறகு ஒரு வரி சேர்த்தேன். அதற்கு நீங்கள் எழுதிய பதிலில் அந்த வரியை மட்டும் இரண்டு தடவை குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்கு அது போதையாகிவிட்டது. எனக்குப் பெண்சாதி கிடையாது. கடிதம் எழுத ஒரு ஆள் கிடையாது. அவனுடைய கடிதம்தான் எனக்கும் கடிதம். தப்பான எண்ணம் ஒன்றும் இருந்ததில்லை, கர்த்தர் அறிவார். ஒரு நல்ல வாக்கியத்தை யாராவது காத்திருந்து படிக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த வரிக்கு நீங்கள் இரண்டரை வருஷம் காவல் இருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அதனால்தான் கிள்ளச் சொன்னேன். பூத்து, அவன் வராமல், அந்தப் பொய் உங்கள் கண்ணெதிரே பொய்யாக நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளத்துரை


காசிமேடு
25-3-1953

வெள்ளத்துரை அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவருடைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பாயில் பரப்பினேன். முப்பத்தொரு கடிதம். எந்த வரி அவருடையது, எந்த வரி உங்களுடையது என்று பிரித்துப் பார்த்தேன். கஷ்டமாகவே இல்லை. "கெங்கம்மா அக்காவுக்குக் கால்வலி எப்படி" என்பது அவர். "உன் நினைவே எனக்குக் கலங்கரை விளக்கம்" என்பது நீங்கள். எனக்கு அப்போதே தெரியாமலா இருந்தது? தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். அந்த வரிகள் எனக்குப் பிடித்திருந்தன. அவர் லீவில் வீட்டுக்கு வந்தால் நான் கடிதத்துக்காரரைத் தேடுவேன். இவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "சோறு கீதா?" என்பார். எனக்கு முகம் வாடிவிடும். இவ்வளவு நாள் கழித்து வந்த மனுஷனுக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று நினைப்பேன். கடைசி லீவில் அறுபது நாள் இருந்தார். அதில் நாற்பது நாள் நான் உம்மென்று இருந்தேன். தான் என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல், அந்தச் செடியின் வாயைத் தட்டித் தட்டி எனக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார்.  உங்கள் மேல் மட்டும் பழி போட்டு நான் தப்பிக்க முடியாது.

இப்போது இரண்டு கேள்வி.

ஒன்று: அந்த இடத்தில் அவர் நிஜமாக என்ன சொன்னார்? பூவைப் பற்றி நான் கேட்டு எழுதியிருந்தேன். ஏதாவது சொல்லியிருப்பார். அந்தப் பென்சில் நோட்டு இருக்கிறதா?

இரண்டு: அவர் உயிரோடு இருக்கிறாரா? பொய்க் கடிதம் எழுதினவர் வெட்கப்படுவார். ஆனால் நீங்கள் வாசலைக் கண்டே ஓடினீர்கள். அது வெட்கம் மட்டும் இல்லை. எனக்குச் சுற்றி வளைத்து வேண்டாம். பூவுக்காகக் காத்திரு என்று அவர் சொல்லவில்லை என்றால், நான் இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மொட்டு பருத்துக்கொண்டு வருகிறது. கீழ் இலைகளில் இரண்டு ஏற்கெனவே கறுத்துவிட்டன. சீக்கிரம் எழுதுங்கள்.

குணசுந்தரி


தூத்துக்குடி
3-4-1953, பெரிய வெள்ளி

சகோதரிக்கு,

கோவிலில் மும்மணி நேர ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். இன்றைக்கு எழுதாவிட்டால் என்றைக்கும் எழுத மாட்டேன்.

உங்கள் கடிதங்களை அவனுக்குப் படித்துக் காட்டியதும் நான்தான். எழுதும்போது சேர்த்தவன் படிக்கும்போது சும்மா இருப்பேனா? அந்த நவம்பரில் உங்கள் கடிதம் வந்தது. அதில் மழையில் கூரை ஒழுகியது, உங்கள் அண்ணன் கட்டுமரம் உடைந்தது, தொழிற்சாலையில் உங்கள் விரலில் மருந்து பட்டு வெந்தது, இவ்வளவுதான் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவன் முகம் சுண்டிவிட்டது. "அவ்ளோதானா?" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் இருக்கிறது: செடி தனியாக இருக்கிறது, அதற்குத் துணையாக இன்னொன்று கொண்டு வாருங்கள்" என்று படித்தேன்.

அப்படி நீங்கள் எழுதவே இல்லை.

டிசம்பரில் கப்பல் மறுபடியும் வில்மிங்டன் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பிஸ்கட் டப்பாவும் கரண்டியும் எடுத்துக்கொண்டு சீட்டியடித்தபடி இறங்கிப் போனான். "இத்தினி வருசத்துல மொத தபா ஒண்ணு கேட்டுகிறா நைனா, எப்டி இட்டாராம வருவேன்?" என்றான். கிழவன் அந்தக் குளிரில் கடை போடவில்லை. அதனால் இவனே சதுப்புக்குள் போயிருக்கிறான்.

மறுநாள் விடிந்தும் வராததால் நான் தேடிப் போனேன். ஆற்றோரம் அந்தச் சதுப்பில் ஒரு மரத்தடியில் டப்பா இருந்தது. உள்ளே ஒரு செடி, மண்ணோடு. பக்கத்தில் அவன் செருப்பு. அங்கிருந்து அவன் வெறுங்கால் அடி சேற்றில் உள்ளே போயிருந்தது. பத்துப் பன்னிரண்டு காலடி எண்ணினேன். அதற்கு மேல் தண்ணீர். திரும்பி வந்த அடி ஒன்றுகூட இல்லை. இன்னொரு செடியைப் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன். அது கடல் ஓதம் ஏறுகிற ஆறு.

கப்பலுக்கு ஓடிவந்து அதிகாரியிடம் சொன்னேன். சாயங்காலம் கப்பல் கிளம்ப வேண்டும். தேட நேரம் இல்லை, ஓடிப்போனான் என்று எழுதிக்கொள் என்றான். நான் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அவனை அனுப்பியது என் வாய்தானே. அந்த டப்பாவை இரண்டு நாள் என் படுக்கைக்கு அடியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் செடியைப் பார்க்க முடியாமல் கடலில் போட்டுவிட்டேன்.

ஜெயவேல் இல்லை. என் கண் பார்த்தது அந்த அடிகளை மட்டும்தான். ஆனால் அவன் இல்லை.

நோட்டு இருக்கிறது. நீங்கள் கேட்ட பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் சின்ன எழுத்தில் இருப்பது எனக்குப் புரிவதற்காக அவனிடம் கேட்டு நானே எழுதிக்கொண்ட பொருள். மற்றதில் ஒரு எழுத்தும் நான் மாற்றவில்லை.

வெள்ளத்துரை


(உள்ளே, பென்சில் எழுத்தில் ஒரு தாள்)

பூ வுடுமான்னு கேட்டுகிறா. வுட்டா கிள்ளிப் போட்ரச் சொல்லு. அந்தக் கெய்வன் சொன்னான், பூ வுட்டா செடி பூடுமாம். பூவு இன்னாத்துக்கு? செடி கீதுல்ல, அது போதும். அப்பால, அவ வேளைக்கித் துன்றாளான்னு கேளு. நான் இல்லன்னா துன்னவே மாட்டா, கய்தை. எப்ப வருவேன்னு கேட்டா எனுக்கே தெரியாதுன்னு சொல்லு. கப்பலு இன்னா என் மாமன் வூட்டுக் கப்பலா? வாசல்ல குந்திக்கினு வயிய பாத்துக்கினு கெடக்க வாணாம். துன்ட்டுத் தூங்கச் சொல்லு. அம்மாந்தான். நீ நல்லா எய்திக்கோ.

(ஓரத்தில்: கெய்வன் – கிழவன். பூடும் – போய்விடும். துன்ட்டு – தின்றுவிட்டு. குந்திக்கினு – உட்கார்ந்துகொண்டு. கய்தை – கழுதை, ஆசையாகச் சொல்வது.)


காசிமேடு
8-4-1953

வெள்ளத்துரை அண்ணனுக்கு,

நேற்றுக் காலையில் உங்கள் கடிதம் வந்தது. முதல் மொட்டு நுனியில் வெள்ளை காட்டியிருந்தது. இன்றைக்கு விரிந்திருக்கும்.

உங்கள் எழுத்தை முதலில் படித்தேன். கடலில் பிறந்து கடலிலேயே வளர்ந்த மனுஷன், முழங்கால் சேற்றில் போய்விட்டார். அடிகளைப் பற்றி நீங்கள் எழுதிய இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.  நான் அழவில்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றை யாரோ கடைசியில் சத்தமாகச் சொன்ன மாதிரி இருந்தது.

எனக்கு வலித்தது வேறு இடத்தில். துணைச் செடி வேண்டும் என்று நான் எழுதவில்லைதான். ஆனால் "மொத தபா ஒண்ணு கேட்டுகிறா" என்று சொல்லிவிட்டுப் போனாராமே. நிஜம் அண்ணா. நான் அவரிடம் ஆசையாக ஒன்றுமே கேட்டதில்லை. ஒழுகுகிற கூரையைத்தான் எழுதினேன். நான் கேட்டுவிட்டேன் என்று நினைத்துச் சீட்டியடித்துக்கொண்டு போயிருக்கிறார். அந்தச் சந்தோஷம் நான் கொடுத்திருக்க வேண்டியது. நீங்கள் கொடுத்தீர்கள். அதுவே அவரைக் கொண்டும் போயிற்று. இதற்கு உங்களை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வந்தால் சொல்கிறேன்.

அப்புறம் அந்தப் பென்சில் தாளை எடுத்தேன். கண்ணால் படித்தால் ஓடவில்லை, எழுத்து எழுத்தாக நின்றது. வாய்விட்டுப் படித்தேன். படிக்கப் படிக்க என் வாயிலிருந்து அவர் குரல் வந்தது. அந்த அவசரம், அந்த இழுப்பு, "அம்மாந்தான்" என்று கையைத் தட்டி முடிக்கிறது எல்லாம்.  தடுப்புக்கு அந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த அஜீசுன்னிசா எட்டிப் பார்த்து, "யாரு குணா, யாரு வந்துகிறாங்க?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் எழுதிய பொய் ஒரு விதத்தில் நடந்துவிட்டது. பூக்கிற நேரத்துக்கு வந்துவிட்டார். ஆனால் வந்தவர் சொன்னது வேறு.

இரண்டரை வருஷமாக, பூ வரட்டும் என்று வாசலில் உட்கார்ந்திருந்தேன். பூவைக் கிள்ளு, வாசலில் உட்காராதே என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை. சொன்னது எனக்கு வந்து சேரவே இல்லையே.

மாரியப்பனை வரச் சொல்லி வருகிற பதின்மூன்றாம் தேதி அமாவாசையில் காரியத்தை வைக்கச் சொல்லிவிட்டேன். பூத்த பிறகுதானே என்று சொன்னாய், இன்னும் பூக்கவில்லையே என்றான். பூவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை என்றேன்.  தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதான். இவ்வளவு நாள் அவசரப்படுத்தினவன் அவன்தான். உடம்பு இல்லாததால் பெட்டியில் இருக்கிற அவர் நீலச் சட்டையை வைத்துச் செய்யப்போகிறோம். நீங்கள் வர வேண்டும். அவருடைய கடைசி அடியைப் பார்த்த கண் உங்களுடையது ஒன்றுதான். தெருமுனையில் நிற்காமல் வாசலை மிதித்து உள்ளே வாருங்கள். நோட்டையும் கொண்டு வாருங்கள். மிச்சப் பக்கங்களை நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

செடி பிழைக்கும் போலிருக்கிறது. நடுவில் சின்னதாக ஒரு புது இலை சுருண்டு கிடக்கிறது. இன்று காலையில் போய்ப் பார்த்தேன். எல்லா வாயும் திறந்தே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. 

நேற்று நடந்ததை முழுதும் சொல்லவில்லை. அஜீசுன்னிசா போன பிறகு, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தண்டை அடியோடு கிள்ளினேன். பச்சைத் தண்டு, டக்கென்று வந்துவிட்டது. கையைக் கழுவிவிட்டு, காலையில் வடித்த சோற்றில் வாளை மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தட்டு காலியாகும் வரை சாப்பிட்டேன். அதற்குப் பிறகு செடியைப் பார்த்துச் சொன்னேன்:

"கிள்ளிட்டேன்யா. துன்ட்டேன். வாசல்ல குந்தல."

குணசுந்தரி